தேடப் போறவங்க நிறைய... தேடத் தெரிஞ்சவங்க?

பாலைவனத்துல தொலைஞ்சு போனவங்களைத் தேடற தன்னார்வலர்களைப் பத்தி தாம்பரத்துக்காரன் எதுக்குப் பதிவு போடணும்? நியாயமான கேள்வி. நம்ம பக்கம் மணல்னா லாரியில போறதுதான் தெரியும். ஆனா கொஞ்ச நாளா இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிச்சதுல ஒண்ணு மண்டையில உறைச்சுது. பாலைவனத்துல தேடறவங்க கத்து வச்சிருக்கற பாடத்துல முக்கால்வாசி மணலைப் பத்தினது இல்லை. மனுஷனைப் பத்தினது, நேரத்தைப் பத்தினது, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பத்தினது. அந்த மூணும் முடிச்சூருக்கும் வேணும், மேடவாக்கத்துக்கும் வேணும்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர்ல ஆபத்துன்னா ஓடி வர்றவங்களுக்குப் பஞ்சமே இல்லை. நின்னு, கணக்குப் போட்டு, எழுதி வச்சு, எட்டாவது நாளும் திரும்ப வந்து தேடறதுக்குத்தான் ஆள் இல்லை. அப்படி ஆள் இல்லாதது அவங்க குத்தமும் இல்லை. அதுக்குன்னு ஒரு அமைப்பை நாம உருவாக்கவே இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1996 ஜூலை. அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் இருக்கற டெத் வேலி. பேரே மரணப் பள்ளத்தாக்கு. ஜெர்மனியில இருந்து சுற்றுலா வந்த நாலு பேர், அதுல ரெண்டு பேர் குழந்தைங்க, வாடகைக்கு எடுத்த வேன்ல உள்ளே போனாங்க. திரும்பி வரலை. அக்டோபர் மாசம்தான் வண்டியே கண்ணுல பட்டுது. சாதா வண்டி போகவே கூடாத ஒரு ஓடைத் தடத்துல, டயர் போன நிலைமையில நின்னுச்சு. ஹெலிகாப்டர், குதிரை, ஆளுங்கன்னு பெரிய தேடல் நடந்துது. ஒரு பியர் பாட்டிலைத் தவிர உருப்படியா எதுவும் கிடைக்கலை. தேடலை நிறுத்திட்டாங்க.

அதுக்கப்புறம் 13 வருஷம். 2009 நவம்பர்ல டாம் மஹூட்னு ஒருத்தரும் அவர் நண்பரும் நடந்து போய் எலும்புகளைக் கண்டுபிடிச்சாங்க. மஹூட் ஓய்வு பெற்ற என்ஜினியர், ரிவர்சைடு மலை மீட்புக் குழுவுல தன்னார்வலர். சம்பளம் கிடையாது. யாரும் அவரைப் போய்த் தேடுன்னு சொல்லவும் இல்லை.

அவர் செஞ்சது என்ன? பழைய தேடலோட காகிதங்களை எல்லாம் எடுத்துப் படிச்சார். எங்கெங்க தேடியாச்சு, எங்க யாரும் கால் வைக்கலைன்னு பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'நான் அந்த இடத்துல நின்னா, பாலைவனமே தெரியாத ஒரு ஐரோப்பியன் கையில ஒரு மேப்போட நின்னா, எந்தப் பக்கம் போவேன்?' மேப்புல தெற்குப் பக்கம் சைனா லேக் கடற்படைத் தளத்தோட எல்லை இருக்கு. ராணுவ எல்லைன்னா ஐரோப்பியர் மனசுல வேலி வரும், காவலாளி வருவான், தண்ணி இருக்கும். நிஜத்துல அங்க இருக்கறது அதே பொட்டல்தான். ஆனா நம்பி நடந்திருப்பாங்கன்னு யோசிச்சார். தெற்கே போனார். அங்கதான் இருந்தாங்க. அவ்வளவு தூரம் அந்தப் பக்கம் போயிருப்பாங்கன்னு 1996-ல யாரும் நினைக்கலை.

இதுல ஹெலிகாப்டர் இல்லை, கூட்டம் இல்லை. ரெண்டு பேர், பழைய நோட்ஸ், தொலைஞ்சவனோட மூளையில உக்காந்து யோசிச்ச ஒரு யோசனை. அவ்வளவுதான்.

2010 ஜூன்ல அதே கலிஃபோர்னியாவுல ஜோஷுவா ட்ரீ பூங்காவுல நடக்கப் போன ஒருத்தர் காணாமப் போனார். அதிகாரபூர்வத் தேடல் முடிஞ்சப்புறமும் மஹூட் மாதிரி ஆளுங்க வருஷக் கணக்கா, நூத்துக் கணக்கான மைல் நடந்தாங்க. நடந்த ஒவ்வொரு தடத்தையும் ஜி.பி.எஸ்.ல பதிஞ்சு மேப்புல ஏத்தினாங்க. அடுத்து வர்றவன் அதே பாறையை மறுபடி சுத்தக் கூடாது பாருங்க. கடைசியில 2022-ல வழிப்போக்கர்கள் கண்ணுலதான் உடல் பட்டுது. அப்ப இவங்க உழைப்பு வீணா? அப்படி நான் நினைக்கலை. 'இங்க பார்த்தாச்சு, இல்லை'ன்னு ஒழுங்கா எழுதி வைக்கறதும் தேடல்தான். நம்ம ஊர்ல யாரும் செய்யாதது அதுதான்.

*

இப்ப நேரத்துக்கு வருவோம்.

2024 ஆகஸ்ட்ல சவுதி அரேபியாவுல ரப் அல் காலிங்கற பெரும் பாலைவனத்துல தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு இளைஞரும், கூட வேலை பார்த்த சூடான் நாட்டுக்காரரும் மாட்டிக்கிட்டாங்க. ஜி.பி.எஸ். வேலை செய்யலை, பெட்ரோல் தீர்ந்துது, போன்ல சார்ஜ் போச்சு. வண்டிக்குப் பக்கத்துலயே இறந்து கிடந்தாங்க. கண்டுபிடிச்சது நாலு நாள் கழிச்சு. நம்ம தெருவுலயும் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுல இருக்கறதால இந்தச் செய்தி இங்க நிறைய வீட்டுல தூக்கத்தைக் கெடுத்துது.

வண்டியை விட்டு விலகாதேங்கறது பாலைவனத்தோட முதல் பாடம். மனுஷனைவிட வண்டி பெருசு, வானத்துல இருந்து பார்த்தாத் தெரியும். ஜெர்மன் குடும்பம் வண்டியை விட்டுட்டு நடந்தாங்க, 13 வருஷம் கிடைக்கலை. இவங்க ரெண்டு பேரும் வண்டிக்குப் பக்கத்துலயே இருந்தாங்க, அப்பவும் உயிரோட கிடைக்கலை. ஏன்னா 45 டிகிரி வெயில்ல உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணியை வேர்வையா விட்டுடும். தொலைஞ்சவன் சரியா நடந்துக்கிட்டா மட்டும் போதாது, தேடறவனும் சீக்கிரம் கிளம்பணும்.

எவ்வளவு சீக்கிரம்? இங்க ஒரு சின்னக் கணக்கு. (கணக்குன்னதும் ஓடிடாதீங்க மக்கா, எட்டாம் கிளாஸ் வட்டத்தோட பரப்பளவுதான்!)

ஒரு ஆள் மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கறார்னு வச்சுக்குங்க. எந்தத் திசைன்னு தெரியாது. ஒரு மணி நேரத்துல நீங்க தேட வேண்டிய வட்டம் சுமார் 28 சதுர கிலோமீட்டர். ரெண்டு மணி நேரத்துல 56 இல்லை, 113. மூணு மணி நேரத்துல 254. நேரம் மூணு மடங்கு ஆனா இடம் ஒன்பது மடங்கு ஆகும்.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க. தாம்பரம் ஸ்டேஷன்ல இருந்து 3 கிலோமீட்டர்னா சானடோரியம், சேலையூர் அளவுல நிக்கும். 9 கிலோமீட்டர்னா பல்லாவரம், வண்டலூர், மேடவாக்கம் எல்லாம் உள்ளே வந்துடும். நடுவுல ஏரிகள், காடு, ரயில் தண்டவாளம், ஜி.எஸ்.டி. ரோடு. அதுலயும் ஆள் பஸ்ல ஏறிட்டா வட்டமாவது ஒண்ணாவது, கிளாம்பாக்கத்துல இருந்து திருநெல்வேலிக்கே போயிடலாம். 'கொஞ்ச நேரம் பார்ப்போம், வந்துடுவார்'னு நாம காத்திருக்கற ஒவ்வொரு மணி நேரமும் என்ன விலைன்னு இப்பப் புரியுதா?

*

தாம்பரத்துக்குன்னு சொந்தமாவே ஒரு காணாமப் போன கதை இருக்கு. மறந்திருக்க மாட்டீங்க.

2016 ஜூலை 22 காலையில தாம்பரம் விமானப்படைத் தளத்துல இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின ஏ.என்.-32 விமானம். உள்ளே 29 பேர். வங்கக் கடலுக்கு மேல ரேடார்ல இருந்து மறைஞ்சுது. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கின்னு எல்லாம் இறங்கித் தேடின பெரிய தேடல். ஒரு துண்டு கூடக் கிடைக்கலை. செப்டம்பர்ல 29 பேரும் இறந்துட்டதாக் கருதறோம்னு குடும்பங்களுக்குச் சொல்லிட்டாங்க.

அப்புறம் 2024 ஜனவரியில பாதுகாப்பு அமைச்சகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டுது. தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பின ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையில இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்துல விமானத்தோட சிதைவுகளைப் படம் பிடிச்சிருக்குன்னாங்க. அந்தப் பகுதியில வேற எந்த விமானமும் விழுந்ததாப் பதிவு இல்லைங்கறதால இது அந்த ஏ.என்.-32 தான்னு முடிவு பண்ணினாங்க. ஏழரை வருஷம்! அந்த நிறுவனம் எங்க இருக்கு தெரியுமா? நம்ம பள்ளிக்கரணையில. விமானம் கிளம்பின கிழக்குத் தாம்பரமும், கண்டுபிடிச்ச கருவியை அனுப்பின ஆபீசும் ஒரே வேளச்சேரி ரோட்டுல.

கடலும் ஒரு பாலைவனம்தான், தண்ணி இருக்கற பாலைவனம். அங்க தன்னார்வலர் 3,400 மீட்டர் முங்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா பாடம் அதேதான். தேடலை நிறுத்தறது வேற, கைவிடறது வேற. எங்க தேடினோம்ங்கற பதிவும், திரும்பப் போற மனசும் இருந்தா ஏழரை வருஷம் கழிச்சும் பதில் கிடைக்கும். அந்த 29 வீட்டுக்கும் 'எங்கே'ங்கற கேள்விக்கு ஒரு பதில் கிடைச்சுது. அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொண்ணு, 2024 பிப்ரவரி 4. குளிர்ப் பாலைவனமான ஸ்பிதி பக்கம் போயிட்டுத் திரும்பின ஒரு கார் இமாச்சலப் பிரதேசம் கின்னோர் மாவட்டத்துல சட்லெஜ் ஆத்துல விழுந்துது. சென்னை முன்னாள் மேயர் சைதை துரைசாமியோட மகன், சினிமா இயக்குநர் வெற்றி, அதுல காணாமப் போனார். கண்டுபிடிக்கறவங்களுக்கு ஒரு கோடி ரூபாய்னு அப்பா அறிவிச்சார். ராணுவம், தேசியப் பேரிடர் மீட்புப் படை, எல்லைப் போலீஸ்னு எல்லாரும் தேடினாங்க. எட்டாவது நாள் உடலைக் கண்டெடுத்தது மாஹூன் நாக்ங்கற அந்த மாநிலத்து முக்குளிப்பாளர் சங்கத்து ஆளுங்க.

ஒரு கோடி அறிவிக்க முடிஞ்ச அப்பாவுக்கும் கடைசியில தேவைப்பட்டது ஆறு தெரிஞ்ச ஆளுங்கதான். அறிவிக்க முடியாத அப்பாக்களுக்கு? அவங்களுக்கும் அதே ஆளுங்கதான் வேணும். ஆனா யார் கூப்பிட்டா வருவாங்க, எந்த நம்பர்ல கூப்பிடறது?

*

நம்ம ஏரியாவுல காணாமப் போறது பெரும்பாலும் யாரு? மறதி நோய் வந்த பெரியவங்க. பிள்ளைங்க அமெரிக்காவுலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க. தாத்தா காலையில பால் வாங்கப் போனவர் திரும்ப மாட்டார்.

அப்ப என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். முதல் ஒரு மணி நேரம் பாட்டி வாசல்ல நிப்பாங்க. அப்புறம் அக்கம்பக்கம் சேரும். பத்து பைக் கிளம்பும். பத்து பைக்கும் எங்க போகும்? ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, கோயில். எல்லாரும் அதே மூணு இடம். யார் எந்தத் தெருவைப் பார்த்தாங்கன்னு ஒரு காகிதத்துல கூட இருக்காது. சாயங்காலம் வாட்ஸப்ல போட்டோ ஓடும். ராத்திரி பத்து மணிக்குக் கூட்டம் கலையும். மறுநாள் ஆபீஸ் இருக்கே. மூணாவது நாள் 'காணவில்லை' போஸ்டர். எட்டாவது நாள்? வீட்டு ஆளுங்க மட்டும்.

தொலைஞ்சவங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பல்லாயிரம் சம்பவங்களைத் திரட்டி ஆராய்ஞ்சு ராபர்ட் கோஸ்டர்ங்கற அமெரிக்கர் 2008-ல ஒரு புத்தகமே போட்டிருக்கார். தேடல் குழுக்களுக்கு அதுதான் கையேடு. குழந்தை ஒரு மாதிரி, வேட்டைக்குப் போனவன் ஒரு மாதிரி, மனசு உடைஞ்சு போனவன் ஒரு மாதிரி. ஒவ்வொருத்தரும் தொலையற விதம் வேறன்னு அதுல பிரிச்சிருக்கார். மறதி நோய்க்காரங்களைப் பத்தி அதுல சொல்றதோட சாரம் இதுதான்: பெரும்பாலும் ரொம்ப தூரம் போக மாட்டாங்க. போன திசையில போயிக்கிட்டே இருப்பாங்க, முள்ளுலயோ வாய்க்கால்லயோ எதுலயாவது மாட்டிக்கிற வரைக்கும். முக்கியமா, பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் குடுக்க மாட்டாங்க.

இப்ப நம்ம பத்து பைக்கை நினைச்சுப் பாருங்க. தாத்தா ஒருவேளை வீட்டுல இருந்து அரை கிலோமீட்டர்ல, ஏரிக்கரைச் சீமைக் கருவேலத்துக்குள்ள உக்காந்திருக்கார். கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டார். பைக் எல்லாம் கிளாம்பாக்கத்துல நிக்குது.

சரி, ஒருத்தர் ஏரிக்கரையையும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு 'அங்க இல்லீங்க'ன்னு சொல்றார்னு வச்சுக்குவோம். நம்பலாமா? இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. தாத்தா ஏரிக்கரையில இருக்க 60 பங்கு வாய்ப்பு, பஸ் ஸ்டாண்டுல 40 பங்குன்னு வைங்க. ராத்திரியில புதருக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா ஆள் இருந்தாலும் கண்ணுல படறது பாதிக்குப் பாதிதான். அப்ப பார்த்துட்டு வந்தப்புறம் ஏரிக்கரையோட 60 பங்கு 30 ஆகும், சைபர் ஆகாது. மிச்சம் இருக்கற 70-ல 30, அதாவது 43 சதவீதம் வாய்ப்பு இன்னும் ஏரிக்கரைக்கே. விடிஞ்சதும் வரிசையா ஆள் நின்னு அங்க மறுபடி தேடணும். உலகம் முழுக்கத் தேடல் குழுக்கள் நோட்டுல எழுதறது இந்தக் கணக்கைத்தான். 'பார்த்த இடம்' வேற, 'ஆள் இல்லாத இடம்' வேற. இந்த ஒரு வரியை நம்ம நலச்சங்கங்கள் எல்லாம் போர்டுல எழுதி மாட்டலாம்.

*

'நம்ம ஜனங்க உதவ மாட்டாங்க'ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்துதுன்னு பார்த்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. மீனவர்கள் சொந்தப் படகை லாரியில ஏத்திக் கொண்டு வந்தாங்க. முன்னப் பின்னத் தெரியாத பசங்க கழுத்தளவு தண்ணியில பாலும் பிரெட்டும் தூக்கிட்டுப் போனாங்க. ஆனா வெள்ளத்துல ஆள் எங்க இருக்காங்கன்னு தெரியும், மொட்டை மாடியில நின்னு கை ஆட்டுவாங்க. போய்ச் சேர்றதுதான் கஷ்டம். தொலைஞ்சவர் விஷயத்துல போய்ச் சேர்றது சுலபம். எங்கன்னு தெரியாததுதான் கஷ்டம். முதலாவதுக்குத் துணிச்சல் வேணும். ரெண்டாவதுக்குப் பொறுமையும் பயிற்சியும் வேணும்.

அமெரிக்காவுல மலை மீட்புச் சங்கம்னு தன்னார்வக் குழுக்களோட கூட்டமைப்பு 1959-லயே ஆரம்பிச்சுட்டாங்க. பெரும்பாலான மாவட்டங்கள்ல தேடலுக்குப் பொறுப்பு ஷெரீஃப். அவர் கூப்பிட்டா குழு வரும். இவங்களாக் கிளம்ப மாட்டாங்க. பயிற்சி முடிக்காதவனை வரிசையில விட மாட்டாங்க.

நம்ம நாட்டுல சட்டம், திட்டம் எதுவும் இல்லைன்னும் சொல்ல முடியாது. 1968-ல இருந்து குடிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. 2016-ல வெள்ள அபாயம் இருக்கற 30 மாவட்டங்களுக்குன்னு 'ஆப்தா மித்ரா' திட்டம் வந்துது. பின்னால அதை 350 மாவட்டம், ஒரு லட்சம் தன்னார்வலர்னு பெருசாக்கினாங்க. பயிற்சி, பெட்டி நிறைய உபகரணம், காப்பீடு எல்லாம் அதுல உண்டு. எலும்புக்கூடு தயாரா நிக்குது. 'காணாமப் போனவரைத் தேடறது'ங்கற சதையைத்தான் வைக்கணும்.

நான் கேக்கறது இதுதான். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர்ல உருவாச்சு. 70 வார்டு. 2022 ஜனவரியில இருந்து தாம்பரத்துக்குன்னு தனி போலீஸ் கமிஷனர் ஆபீஸ் இருக்கு. வார்டுக்கு ஒருத்தர், மொத்தம் 70 பேர். அந்தந்த வார்டோட முட்டுச்சந்து, பாழடைஞ்ச வீடு, மூடி இல்லாத கிணறு, ஏரிக்கரை ஒத்தையடிப் பாதை எல்லாம் தெரிஞ்ச ஆள். மேப் பார்க்க, வரிசையாத் தேட, தேடின இடத்தைப் பதிய, முதலுதவி செய்யப் பயிற்சி. போலீஸ் கூப்பிட்டா மட்டும் வரணும். முதல் மணி நேரத்துல பத்து பேர் போதும். எட்டாவது நாள் ரெண்டு பேராவது அந்த நோட்டை எடுத்துக்கிட்டு மறுபடி போகணும். பட்ஜெட் பெருசா ஒண்ணும் ஆகாது.

எழுவது பேரோட இன்னும் ரெண்டு பேரைக் கூலி குடுத்துக் கூப்பிடணும்னு நினைக்கறேன். ராஜஸ்தான், கட்ச் பாலைவனத்துல 'பாகி'ன்னு தடம் பார்க்கறவங்க உண்டு. மணல்ல இருக்கற காலடியை வச்சு ஆள் எப்பப் போனான், சுமை தூக்கிட்டுப் போனானான்னு சொல்வாங்க. போலீசும் எல்லைப் படையும் அவங்களைப் பயன்படுத்தியிருக்கு. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலயே இருளர்கள் இருக்காங்க. வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேரும் 2017-ல அமெரிக்காவோட ஃப்ளோரிடா வரைக்கும் போய் மலைப்பாம்பைத் தடம் பார்த்துப் பிடிச்சுக் குடுத்தாங்க. 2023-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. பாம்புத் தடத்தைப் படிக்கறவங்க சமூகத்துக்கு மனுஷத் தடம் பெரிய விஷயமா? வண்டலூர், நன்மங்கலம் காட்டோரத்துல, வத்திப் போன ஏரிப் படுகையில ஒருத்தர் தொலைஞ்சா நூறு பேர் போய் மிதிக்கறதுக்கு முன்னாடி அவங்கள்ல ஒருத்தர் போனா நல்லது. கூட்டம் முதல்ல அழிக்கறது தடத்தைத்தான்.

*

இதுக்கு என்னென்ன எதிர்ப்பு வரும்னு தெரியும்.

'போலீஸ் வேலையைப் போலீஸ் பார்க்கட்டும்.' பார்க்கட்டும். புகார் குடுக்க 24 மணி நேரம் காத்திருக்கணும்ங்கறது சும்மா ஊர்ல உலாவற கட்டுக்கதை, உடனே 112-க்கு அடிக்கலாம். ஆனா ஒரு ஸ்டேஷன்ல இருக்கற ஆளுங்களை வச்சு 28 சதுர கிலோமீட்டரை எப்படிச் சல்லடை போட முடியும்? கேமரா பார்க்கறதும், போன் சிக்னல் பார்க்கறதும் அவங்களால மட்டும்தான் முடியும். புதருக்குள்ள பார்க்கறதுக்கு ஊர் ஆள் போதும்.

'தன்னார்வலர்னு சொல்லி வர்றவன் யாரோ எவனோ.' இது நியாயமான பயம். காணாமப் போனவர் வீட்டுல பீரோ வரைக்கும் திறந்து கிடக்கும், குடும்ப ரகசியம் எல்லாம் வெளியில வரும். அதனாலதான் போலீஸ் சரிபார்த்த ஆள், அடையாள அட்டை, செல்ஃபி எடுத்தா அன்னிக்கே வெளியேங்கற விதி எல்லாம் வேணும். கட்சிக் கொடியோட வர்றவங்களுக்கு நன்றி சொல்லி டீ குடுத்து அனுப்பிடலாம் :-)

'தேடப் போனவனுக்கு ஏதாவது ஆனா?' அதுக்குத்தான் பயிற்சியும் காப்பீடும். இப்பவும் தேடத்தான் போறாங்க, பாம்பும் கிணறும் இருக்கற இடத்துக்கு, ராத்திரியில, செருப்போட. அமைப்பு வந்தா ஆபத்து குறையுமே தவிர கூடாது.

'செத்தவங்களைக் கண்டுபிடிச்சு என்ன ஆகப் போகுது?' இதைக் கேக்கறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாப் பதில் சொல்லணும். ஒருத்தரைப் பத்தி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லைன்னாத்தான் சட்டம் அவர் இறந்திருக்கலாம்னு அனுமானிக்கும். 1872-ம் வருஷச் சாட்சியச் சட்டத்துல அப்படி இருந்துது, 2024 ஜூலையில அமலுக்கு வந்த புதுச் சட்டத்துலயும் அதேதான். அந்த ஏழு வருஷம் வீட்டு நிலைமையை யோசிச்சுப் பாருங்க. இறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. பேங்க் கணக்கு, வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் இழுபறி. அதை விடுங்க. பொட்டு வைக்கறதா வேண்டாமான்னு அந்தம்மாவுக்குத் தெரியாது. திவசம் குடுக்கறதான்னு பையனுக்குத் தெரியாது. ராத்திரி கேட்டு சத்தம் கேட்டா எழுந்து போய்ப் பார்ப்பாங்க. மஹூட் 13 வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சது எலும்பைத்தான். ஆனா ஜெர்மனியில அந்த வீட்டுக்காரங்க வாசலைப் பார்க்கறதை நிறுத்த முடிஞ்சுது இல்லையா?

*

பதிவு நீளமாப் போச்சு. இவ்வளவு தூரம் படிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும், அதுவரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம். உங்க நலச்சங்கத்துல ஒரு ஏரியா மேப் பிரிண்ட் போட்டு வைங்க. அதுல கிணறு, வாய்க்கால், காலி மனை, ஏரிக்கரை எல்லாத்தையும் குறிங்க. ஒரு நோட்டு வாங்கி வைங்க. நாளைக்கே யாராவது காணாமப் போனா முதல் வரியில எழுத வேண்டியது: கடைசியாப் பார்த்தது யார், எங்க, எத்தனை மணிக்கு. ரெண்டாவது வரியில இருந்து: யார் எங்க தேடினாங்க, எப்படித் தேடினாங்க, பகலா ராத்திரியா. வீட்டுல மறதி இருக்கற பெரியவங்க இருந்தா சமீபத்துப் போட்டோ ஒண்ணு போன்ல இருக்கட்டும். சட்டைப் பையில பேரும் நம்பரும் எழுதின சீட்டு இருக்கட்டும்.

அப்புறம் அந்த வாட்ஸப் ஃபார்வர்டு. 'காணவில்லை' செய்தி அனுப்பறதுன்னா தேதி போட்டு அனுப்புங்க. ஆள் கிடைச்சா 'கிடைத்துவிட்டார்'னு அதே குரூப்புக்கு எல்லாம் சொல்லுங்க. தேதி இல்லாத போட்டோ வருஷக் கணக்கா சுத்துது. வீட்டுல சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கற குழந்தையை ஊரே தேடிக்கிட்டு இருக்கும், நிஜமாத் தொலைஞ்சவர் போட்டோ வந்தா 'இது பழசு'ன்னு தள்ளி விட்டுடுவாங்க.

டிஸ்கி: வார்டுக்கு ஒருத்தர்ங்கற கணக்கு தாம்பரத்துக்குப் போட்டது. உங்க ஊர்ல எத்தனை வார்டு, அங்க ஏற்கனவே இப்படித் தேடற குழு ஏதாவது இருக்கா, பின்னூட்டத்துல சொல்லுங்க. சேர்த்து ஒரு தனிப் பதிவாப் போட்டுடலாம்.